மனம் பிரிந்தது, மனை யாருக்கு?



வழக்குமன்ற வாசலிலே ஒரு காட்சியைக் காட்ட விரும்புகிறேன். கற்பனைக் காட்சிதான். ஆனால், குடும்பநல வழக்குமன்றம் இருக்கின்ற எந்த ஊருக்குச் சென்றாலும் இதைப்போல் ஒன்றைக் கண்ணாரக் காணலாம்.

அவன் தொழிற்சாலைத் தோழன். இருபதாண்டுக் காலம் லேத் பட்டறையிலே இரும்போடு மல்லுக்கு நின்று, உள்ளங்கையே இரும்பாகிவிட்ட உழைப்பாளி. அவள் அவனுடைய மனைவி. தவறு, அரைமணி நேரத்துக்கு முன்புவரை மனைவி! இருவரும் மனமொத்துக் கேட்ட மணவிலக்கு அன்று கிடைத்துவிட்டது. கூச்சல் இல்லை, குற்றச்சாட்டு இல்லை, கண்ணைக் கசக்கும் உறவினர் கூட்டமும் இல்லை. ஒத்துவராது என்று கண்டனர். ஒருவரையொருவர் தூற்றாமல் பிரிந்தனர். பாராட்டத்தக்க பண்பு!

"வீட்டை உன் பேருக்கே எழுதிக் குடுத்துடறேன்னு சொன்னேன்ல, அதுல மாத்தம் இல்ல. புள்ளைங்களோட நீயே இரு" என்கிறான் அவன்.

"சரிங்க. எப்ப எழுதறது?" என்று கேட்கிறாள் அவள்.

"நாளைக்கே."

சொன்னபடி மறுநாள் வருகிறான். சார்பதிவாளர் அலுவலகத்து எதிரே, பத்திர எழுத்தர் முன்னால் இருவரும் நிற்கிறார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்கிறார்:

"ரெண்டு பேருக்கும் என்ன உறவு?"

"புருஷன் பொண்டாட்டிங்க... இல்லைங்க, நேத்தோட முடிஞ்சுது."

"நேத்தோடயா? முந்தாநாள் வந்திருக்கக் கூடாதாப்பா?"

முந்தாநாளுக்கும் இன்றைக்கும் என்ன வேற்றுமை? கணக்குப் போட்டுக் காட்டுகிறார் எழுத்தர். வீட்டின் மதிப்பு 30 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவிக்குச் செட்டில்மெண்ட் எழுதினால், அது குடும்பத்துக்குள் நடக்கும் கொடை. 2023 ஜூலையில் மாற்றியமைத்த கட்டணப்படி முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஒன்று, அதுவும் 40,000 ரூபாயைத் தாண்டாது. பதிவுக் கட்டணமும் நூற்றுக்கு ஒன்று, 10,000 ரூபாயைத் தாண்டாது. ஆக, 30,000 ரூபாயும் 10,000 ரூபாயும் சேர்த்து 40,000 ரூபாயோடு காரியம் முடிந்திருக்கும். மணவிலக்குக்குப் பிறகோ அவள் குடும்பத்தாள் அல்லள், வேற்றாள்! வேற்றாளுக்கு விற்பனைப் பத்திரம் எழுதினால் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. மொத்தம் 2,70,000 ரூபாய்!

ஒரே வீடு. ஒரே ஆண். ஒரே பெண். இடையிலே கடந்தது ஒரே நாள். அந்த ஒரு நாளின் விலை 2,30,000 ரூபாய்!

அவனிடம் ஏது அவ்வளவு பணம்? அவளிடம்தான் ஏது? "கொஞ்சம் பொறு, போனஸ் வரட்டும், சீட்டு எடுக்கிறேன்" என்கிறான். அவளும் நம்பிப் பொறுக்கிறாள். ஓராண்டு ஓடுகிறது. அவன் வேறொருத்தியை மணக்கிறான். சட்டப்படி அதற்கு உரிமை உண்டு. இன்னோராண்டு ஓடுகிறது. ஒருநாள் இரவு ஷிப்டு முடிந்து திரும்புகிறவனை லாரி ஒன்று அடித்துப் போட்டுவிடுகிறது.

இப்போது வீடு யாருக்கு? உயில் இல்லையென்றால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வரிசை காட்டுகிறது. அவன் பெற்ற பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. அவனைப் பெற்ற தாய்க்குப் பங்கு உண்டு. ஓராண்டு உடன்வாழ்ந்த புதிய மனைவிக்கும் பங்கு உண்டு. பதினெட்டு ஆண்டு அடுப்படியில் வெந்து, மாவரைத்து விற்று, கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து அந்த மனையை வாங்க வைத்தாளே, அவளுக்கு? ஒரு செங்கல்கூட இல்லை!

அவன் அயோக்கியனா? இல்லை. ஏமாற்ற எண்ணினானா? இல்லவே இல்லை. நல்லவன்தான். ஆனால், நல்லவன் சொன்ன சொல்லும் பத்திரம் ஆகாது. சொன்னவன் போனால் சொல்லும் போய்விடும். அதனைத்தான் இன்று உங்களிடம் எடுத்துரைக்க வந்தேன்.

சட்டம் எதைப் பார்க்கிறது?

மணவிலக்கு என்றால் வீட்டைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அயல்நாட்டுத் திரைப்படம் பார்த்து வந்த எண்ணம் அது! நம் நாட்டு இந்துத் திருமணச் சட்டம் 1955இல் வந்தது. அதிலே, மணவாழ்வில் சேர்த்த சொத்தைக் கணவனுக்கும் மனைவிக்கும் பாதியாகப் பிரி என்று சொல்லும் பிரிவே கிடையாது. 27ஆம் பிரிவு ஒன்று உண்டு. அது திருமணத்தின்போதோ, அதையொட்டியோ இருவருக்கும் பொதுவாக வந்த பரிசுப்பொருள்களைப் பற்றிப் பேசுகிறது. 25ஆம் பிரிவு ஜீவனாம்சம் பேசுகிறது. வேண்டுமானால் அந்த ஜீவனாம்சத்துக்குக் கணவனுடைய வீட்டை ஈடாகக் கட்டி வைக்கலாம் என்கிறது. ஆனால், வீட்டின் உரிமை யாருக்கு என்ற கேள்விக்குச் சட்டம் ஒரே பதில்தான் வைத்திருக்கிறது: பத்திரத்தில் யார் பெயர்?

வேர்வை யாருடையது என்று பத்திரம் கேட்பதில்லை. நகை யாருடையது என்று முத்திரைத்தாள் கேட்பதில்லை. பெயர், பெயர், பெயர்! அதுதான் பேசுகிறது.

இதிலே உள்ள கொடுமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மகளாக நின்றால் பெண்ணுக்குத் தந்தை வழிச் சொத்தில் உரிமை உண்டு. கைம்பெண்ணாக நின்றால் கணவன் சொத்தில் பங்கு உண்டு. கணவன் உயிரோடிருக்க, அவனைப் பிரிந்து நின்றால் மட்டும் பங்கில்லை! கணவன் செத்தால் வாரிசு, கணவன் பிரிந்தால் வழிப்போக்கர்! இது என்ன நியாயம்?

பாதி தூரம் வந்தோம்

இந்த நிலைக்கு வரவே எத்தனை ஆண்டுகள் ஆயின தெரியுமா? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, ஆணைப்போலவே பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நகைத்தார்கள் சிலர், பகைத்தார்கள் பலர். 1949இல் சென்னை மாகாணம், இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கு வழிவிடும் சட்டத்தை இயற்றியது. டெல்லியிலே இந்துச் சட்டத் தொகுப்பு தேங்கிக் கிடந்ததால், 1951இல் அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியையே துறந்தார். 1956 சட்டத்தின் 14ஆம் பிரிவுதான், பெண்ணின் கையிலுள்ள சொத்து அவளுக்கே முழுச் சொந்தம் என்று உறுதி சொன்னது. 1967இல் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றாயிற்று. 1989இல் தமிழ்நாடு, குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு என்று சட்டம் செய்தது. செங்கற்பட்டிலிருந்து அதுவரை அறுபது ஆண்டுகள்! அதற்கும் பதினாறு ஆண்டுகள் கழித்து, 2005இல்தான், இந்தியா முழுமைக்கும் அந்த உரிமை வந்தது.

மகளுக்கு வழி பிறந்தது, மகிழ்கிறோம். அந்த மகள் மணமாகிப் போய், மாடாய் உழைத்துக் கட்டிய வீட்டிலே அவளுக்கு வழி பிறந்ததா? அந்தப் பாதி தூரம் இன்னும் மீதமிருக்கிறது.

"அதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்கு நான் இலண்டனைக் காட்டப் போவதில்லை. இந்தியாவுக்குள்ளேயே இருக்கிறது கோவா. போர்த்துகீசியர் விட்டுச் சென்ற 1867ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் வழி வந்த முறை அங்கே நிற்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத தம்பதியர்க்குச் சொத்து பொதுச்சொத்து, ஆளுக்குப் பாதி. மனைவியின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் கணவன் வீட்டை விற்க முடியாது. அங்கே வானம் இடிந்து விழவில்லை. குடும்பங்கள் குலைந்துபோகவுமில்லை.

நம் சென்னை உயர்நீதிமன்றமும் 2023 ஜூனில் ஒரு தீர்ப்பளித்தது. கணவன் வெளிநாட்டிலே வேலை பார்த்துப் பணம் அனுப்பினான், மனைவி ஊரிலே பிள்ளைகளை வளர்த்து, குடும்பத்தைக் காத்தாள், சொத்து வாங்கினார்கள். பணம் என்னுடையது, ஆகவே சொத்து என்னுடையது என்று வழக்குத் தொடுத்தான் கணவன். நீதிபதி என்ன சொன்னார்? வீட்டிலே அவள் நாள் முழுதும் உழைத்ததால்தான் அவனால் வெளியே சம்பாதிக்க முடிந்தது, அவளுடைய உழைப்பும் சொத்துச் சேர்த்ததில் ஒரு பங்கே என்று கூறி, சில சொத்துகளில் அவளுக்குச் சரிபாதி உண்டு என்றார். வரவேற்கிறோம்! ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அது ஒரு வழக்கிலே வந்த தீர்ப்பு, சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டமன்று. ஒவ்வொரு பெண்ணும் உயர்நீதிமன்றம்வரை நடந்து சென்றுதான் தன் பாதியைப் பெறவேண்டும் என்றால், எத்தனை பேருக்குக் காலிலே வலு உண்டு? மடியிலே பணம் உண்டு?

திண்ணையில் தீர்ப்பு சொல்லும் தோழர்களுக்கு

பகுதியிலே கணவன் மனைவி சண்டை என்றால், காவல் நிலையத்துக்குப் போகுமுன் நம் தோழர்களின் வாசலுக்குத்தான் வருகிறார்கள். நாமும் உட்காரவைத்துப் பேசுகிறோம். சேர்ந்து வாழ வழியில்லை என்று தெரிந்தால், "வீடு அவளுக்கு, வண்டியும் கைப்பணமும் உனக்கு" என்று ஒரு முடிவு சொல்கிறோம். ஒரு முத்திரைத்தாளை வாங்கி எழுதி, நான்கு பேர் சாட்சிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறோம். நியாயம் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு தேநீர் குடிக்கப் போகிறோம்.

தோழா, அந்தத் தாளால் வீடு கைமாறாது! 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள மனையையும் வீட்டையும் எழுத்து மூலம் மாற்றினால் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தத் தாளால் திருமணமும் முறியாது. தொன்றுதொட்டு மணவிலக்கு வழக்கம் உண்டென்று நிலைநாட்டப்பட்ட சமூகங்களுக்கு விதிவிலக்கு உண்டு; மற்றவர்க்கு வழக்குமன்ற ஆணை வேண்டும். நாம் நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுத்த தாளே பின்னாளில் ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்தலாம். ஆகவே, திண்ணையில் முடிவு சொல்கிற தோழர்கள் இவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வீடு யார் பெயரில்? கடன் உண்டா? இருவர் பெயரிலும் இருந்து, பங்கு இவ்வளவு என்று எழுதியிராவிட்டால், பணம் போட்ட அளவுக்குப் பங்கு. யார் எவ்வளவு போட்டார் என்று காட்ட முடியாவிட்டால் சரிபாதி.

இரண்டாவது, வங்கிக் கடன் இருந்தால் மூலப் பத்திரம் வங்கியில் இருக்கும். வங்கியின் சம்மதம் இல்லாமல் மாற்றப் போகாதீர்கள். இருவரும் கையெழுத்திட்ட கடன் என்றால், மணவிலக்கு ஆணையைக் காட்டியதும் வங்கி ஒருவரை விட்டுவிடாது. இனித் தவணை யார் கட்டுவது என்பதையும் முடிவு செய்து, வங்கியிடமும் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, வீட்டைப் பற்றி மணவிலக்கு மனுவிலேயே எழுதுங்கள். புல எண், கதவு எண், நான்கெல்லை எல்லாம் சொத்து அட்டவணையில் இருக்கட்டும். கணவன் மனைவிக்கு இடையேயுள்ள சொத்து வழக்கைக் குடும்பநல வழக்குமன்றமே கேட்கலாம் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சமரசத் தீர்ப்பாணையிலே, வழக்குக்குப் பொருளாக இல்லாத சொத்தைச் சேர்த்தால் அதைப் பதிவு செய்தே ஆகவேண்டும். மனுவிலே விட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று எண்ணாதீர்கள்.

நான்காவது, எது முன்னே, எது பின்னே என்பது. மனமொத்த மணவிலக்குக்கு ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். 2017இல் உச்சநீதிமன்றம், தக்க காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்றது. ஆனால், தீர்ப்பு வரும்வரை இருவரில் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். "முதலில் வீட்டை எழுதிவிட்டு, அவள் மனம் மாறினால் என் கதி?" என்று அவன் அஞ்சுகிறான். "முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் எழுதாவிட்டால் என் கதி?" என்று அவள் அஞ்சுகிறாள். இருவர் அச்சமும் நியாயமே. வழி என்ன? நிபந்தனைகள் எல்லாவற்றையும் சமரச மனுவிலே எழுதி வழக்குமன்றத்தின் முன் வையுங்கள். தீர்ப்புக்கு முன்பு, கணவன் மனைவியாக இருக்கும்போதே செட்டில்மெண்டைப் பதிவு செய்து, நகலை வழக்குமன்றத்தில் காட்டி, பிறகு தீர்ப்பைப் பெறுங்கள். அச்சமும் நீங்கும். 2,30,000 ரூபாயும் மிஞ்சும்.

ஐந்தாவது, "உயில் எழுதி வைக்கிறேன்" என்று ஒருவன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உயிலைச் சாகும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு செய்து, பெற்றவள் ஏற்றுக்கொண்ட செட்டில்மெண்டை எழுதியவன் தன்னிச்சையாகக் கிழித்தெறிய முடியாது. பதிவு முடிந்ததும் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் பெயர் மாற்றுங்கள்.

ஆறாவது, நகையும் பாத்திரமும். அவளுக்கென்று வந்த சீதனம் அவளுடைய தனிச்சொத்து, கணவன் வீட்டார் அதற்குக் காவல்காரர் மட்டுமே என்று 1985இலேயே உச்சநீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. "எங்க வீட்டுக்கு வந்தது எங்களுது" என்ற பேச்சு செல்லாது.

ஏழாவது, வழக்கு வருகிறது என்றதும் வீட்டை அண்ணன் பெயருக்கோ மாமன் பெயருக்கோ அவசரமாக எழுதிவைக்கும் சூரர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கும் ஒரு சொல். மனைவியின் வாழ்வுரிமையைத் தவிர்ப்பதற்காக இனாமாக எழுதிய சொத்தை, வாங்கியவனின் கையிலிருந்தும் அவள் எட்டிப் பிடிக்க 1956ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டத்திலே வழியுண்டு.

வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லையா? 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட வழக்குமன்ற வளாகத்திலே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அழைத்துச் சென்று மனு எழுதிக் கொடுப்பது நம் கடமை. நான் சொன்ன திருமணச் சட்டம் கிறித்தவ, இஸ்லாமியத் தோழர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்குச் சட்டம் வேறு. ஆனால், பிரிந்த மாத்திரத்தில் வீடு தானாகக் கைமாறிவிடாது என்பது அங்கும் உண்மைதான்.

ஆணுக்கும் இதிலே நீதி வேண்டும் என்பதை மறைக்கவில்லை. சம்பளம் முழுவதையும் போட்டு மனைவி பெயரில் வீடு வாங்கியவனும் பிரியும்போது கையை விரிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அது தன் பணம் என்று நிறுவும் சுமை அவன் தலையில்தான். ஒருவர் பெயரை மட்டும் எழுதும் வழக்கம், இன்று அவளைக் கடிக்கும், நாளை அவனையும் கடிக்கும். இருவர் பெயரும் எழுதியிருந்தால் எவரையும் கடிக்காது.

உன் பத்திரத்தில் யார் பெயர்?

"எனக்கு எதற்கப்பா இந்த மணவிலக்குப் பேச்சு? நானும் என் மனைவியும் நன்றாகத்தானே இருக்கிறோம்" என்று சொல்லும் தோழா! உன்னைத்தான் கேட்கிறேன். நன்றாக இருக்கும் நாளில்தான் நல்லதை எழுத முடியும். கசந்தபின் எழுதுகோலும் கசக்கும்.

இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போ. பெட்டியைத் திற. பத்திரத்தை எடுத்துப் படி. உன் பெயர் இருக்கும், உன் தந்தை பெயர் இருக்கும். வடக்கே யார் மனை, தெற்கே யார் வீடு என்று அண்டை அயலார் பெயர்கூட இருக்கும். காலையில் உனக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள் பெயர் அதில் இருக்கிறதா?

ஆலையிலே நாம் என்ன கேட்கிறோம்? முதல் போட்டவனுக்கு மட்டுமே எல்லாம் சொந்தமா, உழைத்தவனுக்குப் பங்கில்லையா என்று கேட்கிறோம். கொடி பிடித்துக் கேட்கிறோம், குரல் உயர்த்திக் கேட்கிறோம். வாயிலில் கேட்ட அதே கேள்வியை, வீட்டுக்குள்ளே ஒருத்தி கேட்டால் நம்மிடம் பதில் உண்டா?

மணவாழ்வில் சேர்த்த சொத்து இருவருக்கும் சரிபாதி என்று சட்டம் வரவேண்டும். அதைக் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம். செங்கற்பட்டுத் தீர்மானம் அறுபதாண்டு காத்திருந்தது. ஆனால், உன் வீட்டுத் தீர்மானத்துக்கு அறுபதாண்டு வேண்டியதில்லை. சார்பதிவாளர் அலுவலகம் காலையில் திறக்கிறது. ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு அவளையும் அழைத்துக்கொண்டு போ!